இருப்பு வைத்த கடிகாரம்

மாசி மாதம் இரண்டாவது வியாழக்கிழமை காலை, கருங்கல்வலசுக் கடைவீதியில் சிகாமணி தன் செல்போன் கடையின் ஷட்டரைத் தூக்கியபோது, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த ஸ்மார்ட்வாட்ச், யாரும் தொடாமலே, முந்தின நாள் இருந்ததைவிடக் கொஞ்சம் மேலான வாட்சாகியிருந்தது. அது அந்தக் கம்பெனி போட்ட முதல் மாடல். ஊருக்கு வந்ததும் அந்த ஒன்றுதான். புதன்கிழமை சாயங்காலம் வரை அதற்கு மூன்று வேலைகள்தான் தெரியும்: மணி காட்டும், நடந்த அடிகளை எண்ணும், போன் வந்தால் மணிக்கட்டில் துடித்துக் கூப்பிடுகிறவர் பெயரைக் காட்டும். அந்த மூன்றையும் அரைகுறையாகத்தான் செய்தது. மணி மூன்று நிமிடம் பின்தங்கியது, மொபெட்டில் போனாலும் நடந்ததாக எண்ணியது, பொழுது சாய்வதற்குள் சார்ஜ் இறங்கிக் கறுத்துப்போனது. வியாழக்கிழமை அதன் மணி சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை அதன் சார்ஜ் இறங்கவே இல்லை. சனிக்கிழமை காலை அதன் முகத்தில் இருந்த கீறல் ஆறியிருந்தது, நான்கு பத்துக்குக் கொடுமுடிப் பக்கம் மழை என்று அது எழுதிக் காட்டியது, நான்கு பத்துக்குக் கொடுமுடிப் பக்கம் மழை பெய்தது. கம்பெனிக்காரன் காற்று வழியாக எதையாவது அனுப்பியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு சிகாமணி டீ குடிக்கப் போனான்.

ஊரும் ஆச்சரியப்படவில்லை. காரணம், அது மஞ்சள் ஊர். கருங்கல்வலசில் மஞ்சளை வெட்டுவார்கள், வேகவைப்பார்கள், காயவைப்பார்கள், டிரம்மில் போட்டு உருட்டிப் பாலிஷ் செய்வார்கள், அதன் பிறகு விற்க மாட்டார்கள். சாக்கில் கட்டிக் குடோனில் அடுக்கி, விலை ஏறட்டும் என்று இருப்பு வைப்பார்கள். ஒருவர் இரண்டு வருடம் வைப்பார், இன்னொருவர் ஐந்து வருடம் வைப்பார், மஞ்சள் இருப்பாளர் சங்கத் தலைவர் வையாபுரி மூன்று குடோன் மஞ்சளை ஒன்பது வருடமாக வைத்திருந்தார், ஒரு விலை வந்தபோது அதற்கு அடுத்த விலைக்காகவும், அடுத்த விலை வந்தபோது அதற்கும் அடுத்த விலைக்காகவும், நடுவில் விலை இறங்கியபோது பழைய விலையாவது திரும்பி வருவதற்காகவும். விற்காமல் வைத்த பொருள் தானாக மேலாகும் என்பதை அந்த ஊரில் யாரும் நம்பிக்கை என்று சொல்வதில்லை. மூச்சு விடுவதை யாரும் நம்பிக்கை என்று சொல்வதில்லையே, அதுபோல. எனவே மழை பெய்து முடிந்த பிறகு வையாபுரி கடைக்கு வந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூட்டைக்குள் கைவிட்டுச் சரக்குப் பார்ப்பவர்போல அந்த வாட்சைப் பார்த்துவிட்டு, "சிகாமணி, இதைக் கொடுத்துப்போடாதே, ஏறுமுகத்துல இருக்குது" என்றபோது, கூடியிருந்த எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது.

அதை வாங்கத்தான் அன்று சாயங்காலம் பாவாயி வந்தாள்.

பாவாயி பாலிஷ் மில்லில் இருபத்திரண்டு வருடமாக டிரம் பார்ப்பவள். அந்த டிரம்மின் இரைச்சல் வருடத்துக்குக் கொஞ்சமாக அவள் காதை எடுத்துக்கொண்டே வந்து, நாலு வருடத்துக்கு முன்பு மிச்சத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போது எதிரில் நிற்பவர்களின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். தாராபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் மலர்க்கொடிக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் தடவை, அவளை அழைத்துவர நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதே எட்டாம் மாதத்தில் வலி வந்துவிட்டது. லாரி ஓட்டும் மருமகன் நாக்பூர்ப் பக்கம் இருந்தான். மலர்க்கொடி தனியாக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துக்கொண்டு அம்மாவைப் பதினேழு தடவை கூப்பிட்டாள். மில் சுவரில் ஆணியில் மாட்டிய பைக்குள் போன் பதினேழு தடவை அடித்தது. சாயங்காலம் பாவாயி பையை எடுத்துப் பார்த்தபோது குழந்தை பிறந்து, இல்லாமலும் போயிருந்தது.

இந்தத் தடவை பஸ் ஏறவே கூடாது என்று டாக்டர் மகளைத் தாராபுரத்திலேயே படுக்கவைத்திருந்தார். பங்குனிக் கடைசியில் நாள். மில்லில் சீசன், ஒரு வாரத்துக்கு மேல் லீவு கிடையாது, அந்த ஒரு வாரத்தைப் பாவாயி பிரசவத்துக்கென்று தொடாமல் வைத்திருந்தாள். வலி கண்டால் மட்டும்தான் கூப்பிட வேண்டும், வேறு எதற்கும் கூப்பிடக் கூடாது என்று அம்மாவும் மகளும் பேசிவைத்திருந்தார்கள். போனை இடுப்பில் செருகிப் பார்த்தாள். டிரம் ஓடும்போது தரையே அதிர்கிறது, அதில் போனின் அதிர்வு தனியாகத் தெரியவில்லை. புதன்கிழமை சிகாமணிதான் அந்த வாட்சை மில்லுக்கே எடுத்துவந்து, அவள் மணிக்கட்டின் உள்பக்கம் இறுக்கிக் கட்டி, ஓடுகிற டிரம்மின் ஓரத்தில் அவளை நிற்கவைத்து, வாசலில் இருந்து அவள் நம்பருக்குப் போன் போட்டான். நரம்பின் மேல் அது மீன் மாதிரி துள்ளியது. சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு வருகிறேன், அதற்குள் யாருக்கும் கொடுத்துவிடாதே என்று சொல்லித்தான் கழற்றிக் கொடுத்திருந்தாள்.

சனிக்கிழமை சிகாமணி மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டே எதையோ சொன்னான். பாவாயி அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, மறுபடி சொல்லு தம்பி என்றாள். கொஞ்ச நாள் போகட்டும் அக்கா என்றான் அவன்.

அதன் பிறகு வாட்ச் நாளுக்கு நாள் முற்றியது. மூட்டையைக் காட்டினால் உள்ளே எவ்வளவு ஈரம் என்று சொன்னது, நிஜாமாபாத் மஞ்சள் விலையை நிஜாமாபாத்துக்காரர்களுக்கு முன்னால் சொன்னது, வாசலில் வந்து நிற்பவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அவர் கேட்காமலே சொன்னது, அதன் ரப்பர் பட்டை தோலாகியது, தோல் மெத்தென்று ஆகியது, அது ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள ஊர் அதற்கேற்பத் தன்னை ஒழுங்கு செய்துகொண்டது. கடை முன்னால் பந்தல் போட்டார்கள். காலை ஆறு மணிக்குச் சங்கத்து மைக்கில் அன்றைக்கு வாட்சுக்குப் புதிதாக என்ன தெரிந்திருக்கிறது என்று அறிவித்தார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கிளம்பியவர்கள், அது பொருத்தம் பார்க்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று நிறுத்திவைத்தார்கள். போர் போட வந்த வண்டி, அது நீரோட்டம் சொல்லட்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டது. பல்வலிக்காரர்கள் மூன்று பேர், எந்தப் பல் என்று அதுவே சொல்லிவிடும் என்று கன்னத்தில் கைவைத்தபடி பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் கட்டினால் அது விற்ற சரக்கு, விற்ற சரக்கு ஏறாது என்று வையாபுரி சொன்னதால், யாரும் அதைக் கட்டிப் பார்க்கவில்லை. சிகாமணி கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கு, அந்த மாடலில் அப்படிப்பட்ட வசதி எதுவும் இல்லை என்றும், ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்றும், இரண்டாவது மாடல் ஆடியில் வருகிறது, வாடிக்கையாளர் அதுவரை காத்திருப்பது நல்லது என்றும் பதில் வந்தது. கடைசி வரி ஊருக்கு மிகவும் பிடித்துப்போய், அதைச் சங்கத்துப் பலகையில் எழுதிப் போட்டார்கள்.

பாவாயி ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் சிகாமணி குனிந்துகொண்டான்.

பங்குனி ஐந்தாம் தேதி வாட்சுக்குக் காது கேட்டது. அதன் முன்னால் யார் எதைப் பேசினாலும் எழுத்தாக ஓடியது. சாப்பாட்டு நேரத்தில் பாவாயி பந்தலுக்கு வந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். நாலு வருடமாகத் தன் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் என்ன பேசுகிறார்கள் என்று நினைத்து நினைத்துக் கிடந்தவள் அவள். எல்லோரும் மஞ்சள் விலையைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் பெட்டியின் மேல் கைவைத்தால் எலும்புக்குள் ஒரு ரீங்காரம் ஏறியது. இன்னும் சில நாளில் அது ரீங்காரமாக இல்லாமல் பேச்சாகவே ஏறும் என்பதில் ஊருக்குச் சந்தேகம் இல்லை. அவள் மில்லுக்குத் திரும்பிப் போகும்போது அந்தக் கையை மற்றக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு போனதைப் பலர் பார்த்தார்கள்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை, கூட்டத்தின் நடுவில், வையாபுரி அவளுக்கு நேராக வந்து நின்று நிதானமாக உதட்டை அசைத்துப் பேசினார். அவர் கெட்டவர் இல்லை. அவளுடைய நன்மைக்கென்றே நினைத்துத்தான் பேசினார்.

"பாவாயி, உனக்காகத்தான் சொல்றேன். இன்னும் பத்துப் பதினஞ்சு நாள் வெச்சா இது உனக்குக் காதையே திருப்பிக் கொடுத்துரும். இப்ப அரைவேக்காட்டுல எடுத்துட்டுப் போயி என்ன பண்ணப்போறே?"

"ஏனுங்ணா, என்ற புள்ளைகிட்டயும் பத்துப் பதினஞ்சு நாள் பொறுக்கச் சொல்லிப்போடறீங்களா?"

"நாளுதான் இன்னும் இருக்குதல்ல?"

"போன தடவையும் நாள் இருந்ததுங்ணா."

வையாபுரி விட்டுக்கொடுக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கண்ணாடிப் பெட்டிக்குள் சூடு தாங்காது, ஏறுகிற சரக்குக்குக் குளிர்ந்த இருட்டுத்தான் இடம் என்று சொல்லி, வாட்சைத் தன் இரண்டாவது குடோனுக்கு மாற்ற ஏற்பாடு செய்தார். அந்த ஊரில் லாட் நம்பர் இல்லாமல் எந்தப் பொருளும் குடோனுக்குள் போகாது. மண்டி எழுத்தர் வழக்கம்போல ஓர் அட்டையில் நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதி, சணல் கயிற்றால் வாட்சில் கட்டி, வண்டு விழாமல் இருக்க ஒரு பிடி வேப்பிலையையும் செருகி உள்ளே வைத்தார். அதுதான் அவர்கள் செய்த தவறு. வேறு எந்த ஊரிலும் அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள்.

ஏனென்றால் நம்பர் விழுந்த சரக்கு செவ்வாய்க்கிழமை மண்டித் தளத்துக்கு வந்தாக வேண்டும் என்பது சங்கத்தின் விதி. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். உடையவர் கொடுக்கலாம், கட்டுபடியாகவில்லை என்றால் திருப்பி எடுத்துப் போகலாம், வையாபுரி ஒன்பது வருடமாகத் திருப்பி எடுத்துப் போவதுபோல. மாட்டுச்சந்தையில் நடப்பதுபோலக் கேட்பவரும் உடையவரும் ஒரு துண்டுக்கு அடியில் கையைக் கொடுத்து, வாயைத் திறக்காமல், விரலைப் பிடித்துத்தான் அங்கே விலை பேசுவார்கள். உடையவர் துண்டை இழுத்துவிட்டால் கொடுத்ததாக அர்த்தம், பேரம் முடிந்தது. அதற்குப் பிறகு ஊரே திரண்டு வந்து கேட்டாலும் அது திரும்பாது.

பங்குனி இருபத்தொன்று செவ்வாய்க்கிழமை. மாதிரி மஞ்சள் தட்டுகளுக்கு நடுவில் ஒரு தட்டில் வாட்ச் இருந்தது. அதை யாரும் கேட்பதில்லை என்று முந்தின நாளே பேசி முடித்திருந்தார்கள். எழுத்தர் நானூற்றுப் பன்னிரண்டு, நானூற்றுப் பன்னிரண்டு என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாம் தடவைக்கு வாயைத் திறந்தபோது, தூணோரம் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்த பாவாயி, முழங்கை வரை மஞ்சள் பூத்த கையோடு தளத்துக்கு வந்து, மூட்டை தூக்கும் ஒருவரின் தோளில் இருந்த துண்டை உருவிக்கொண்டாள். பெண்கள் துண்டு போடுவது வழக்கம் இல்லையே என்று வையாபுரி எழுத்தரிடம் சொன்னார். எழுத்தர் விதிகள் எழுதிய பலகையை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, அப்படி இதில் போடவில்லைங்க என்றார். நீட்டிய துண்டுக்குக் கை கொடுக்காமல் இருப்பது அந்த மண்டியில் பெரிய மரியாதைக்குறைவு. சிகாமணி கையைக் கொடுத்தான்.

துண்டுக்கு அடியில் என்ன நடந்தது என்று கேட்கும் வழக்கம் இல்லை; சிகாமணியே பிற்பாடு சொன்னதால் தெரியும். அவள் பெட்டியில் போட்டிருந்த விலையை அப்படியே விரலில் சொன்னாள். அவன் அவள் உள்ளங்கையைத் தட்டினான், கட்டுபடியாகாது என்று அர்த்தம். அவள் மறுபடியும் அதே விலையைச் சொன்னாள், அவன் மறுபடியும் தட்டினான். மூன்றாம் தடவை அவள் விலை எதுவும் சொல்லவில்லை. அவனுடைய இரண்டு விரல்களைப் பிடித்துத் தன் மணிக்கட்டின் உள்பக்கம், அன்றைக்கு அவன் வாட்சைக் கட்டிய அதே இடத்தில் வைத்து, அழுத்திக்கொண்டு நின்றாள். அப்படி ஒரு விலை மண்டிக் கணக்கில் கிடையாது. சிகாமணி கொஞ்ச நேரம் அவள் நாடி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான். பிறகு மற்றக் கையால் துண்டை இழுத்துப் போட்டான்.

பாவாயி அட்டையைக் கயிறோடு அறுத்துவிட்டு வாட்சைக் கட்டிக்கொண்டாள். ஊர் பார்த்துக்கொண்டிருக்க, அது கற்றதெல்லாம், கடைவீதியில் வரிசையாக விளக்குகள் அணைவதுபோல, ஒவ்வொன்றாக அதைவிட்டுப் போனது. நிஜாமாபாத் போனது, மழை போனது, சர்க்கரை போனது, ஈரம் போனது, பட்டை மறுபடி ரப்பரானது, ரீங்காரம் எலும்பை விட்டு இறங்கியது, கடைசியில் மணி மூன்று நிமிடம் பின்னால் போய் நின்றது. பாவாயி மண்டிக்கு அடுத்திருந்த மில்லுக்குப் போய் டிரம்மைப் போட்டாள்.

அதற்கடுத்த ஒரு வாரம் ஊர் துக்கம் கொண்டாடியது. பந்தலைப் பிரித்தார்கள். பல்வலிக்காரர்கள் எழுந்து போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள், போர் வண்டி வந்தது, பத்திரிகைகள் அச்சாயின, எல்லாவற்றுக்கும் பாவாயியைத்தான் குற்றம் சொன்னார்கள். ஆனால் அவளைத் திட்டுவதில் ஒரு சிக்கல் இருந்தது. முதுகுக்குப் பின்னால் திட்டினால் அவளுக்குக் கேட்காது. கேட்க வேண்டுமென்றால் நேருக்கு நேர் நின்று, உதடு தெரியும்படி, நிறுத்தி நிதானமாகத் திட்ட வேண்டும். அப்படி நின்று பார்த்த இரண்டு பேரும், மகளுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத் திரும்பினார்கள்.

பங்குனி இருபத்தெட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை, வாட்சின் கணக்கில் காலை பத்து நாற்பதுக்கு, ஓடுகிற டிரம்மின் ஓரத்தில் பாவாயியின் மணிக்கட்டு துள்ளியது. மலர் என்று எழுத்து வந்தது. அவள் டிரம்மை நிறுத்தினாள். சீசன் நேரத்தில் அந்த டிரம் பகலில் நின்றதே இல்லை என்பதால், சத்தம் நின்றதும் மண்டியில் இருந்த அத்தனை பேரும் பேச்சை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தார்கள். பாவாயி மஞ்சள் கையோடு தளத்தின் குறுக்கே ஓடிவந்தாள். தாராபுரம் பஸ் பதினொன்றரைக்குத்தான். ஆட்டோ ஈரோடு போயிருந்தது, லாரிகள் எல்லாம் பாதி ஏற்றிய மூட்டையோடு நின்றன, மண்டி வாசலில் சும்மா நின்றது வையாபுரியின் கார் ஒன்றுதான்.

வையாபுரி தட்டில் இருந்த விரலி மஞ்சளைக் கையில் எடுத்தபடியே அவளைப் பார்த்தார். பிறகு அந்த மஞ்சளைத் தட்டில் போட்டுவிட்டு, "ஏறு அம்மிணி" என்றார். அன்றைக்குத் துண்டைப் பறிகொடுத்தவர், சிகாமணி, இன்னும் இரண்டு மூட்டை தூக்குகிறவர்கள் என்று காருக்குள் எத்தனை பேர் கொள்ளுமோ அத்தனை பேரும் யாரும் கூப்பிடாமல் ஏறிக்கொண்டார்கள். இன்ஜின் சூடாகட்டும் என்று தினமும் காலை பத்து நிமிடம் காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு வைத்திருக்கிற மனிதர், அன்றைக்கு இரண்டாவது கியரில் கிளப்பிக்கொண்டு போய், முத்தூரில் ஒரு கோழியையும் வெள்ளக்கோவிலில் ஒரு ஊர்வலத்தையும் மயிரிழையில் தப்பவிட்டு, எதிரில் வந்த பஸ்ஸைப் பஸ்தான் ஒதுங்க வேண்டும் என்பதுபோல ஒதுங்கவைத்து, தாராபுரம் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது, மலர்க்கொடியை அப்போதுதான் தள்ளுவண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மலர்க்கொடி அம்மாவைப் பார்த்தாள். வலியில் அவளால் அதிகம் பேச முடியவில்லை. "வந்துட்டியா" என்ற அந்த ஒரு வார்த்தையைப் பாவாயி அவள் உதட்டில் பார்த்தாள், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியோடு உள்ளே போனாள், கதவு சாத்திக்கொண்டது.

வெளியே நீளமான பெஞ்சு இருந்தது. எல்லோரும் அதில் உட்கார்ந்தார்கள், வையாபுரியைத் தவிர. அவர் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்தார், ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார், கதவைத் திறந்து வெளியே வந்த நர்சிடம் ஆச்சா என்று கேட்டார், அதே நர்ஸ் திரும்பி உள்ளே போகும்போதும் ஆச்சா என்று கேட்டார், மூன்றாவது தடவை கேட்டபோது அந்தப் பெண், கொஞ்சம் பொறுங்க பெரியவரே என்றாள்.

"எத்தனை நேரந்தாம்மா பொறுக்கறது?" என்றார் வையாபுரி. அவர் வந்து பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, சிரிக்காமல் இருந்தார்கள்.

பன்னிரண்டரை மணிக்குக் கதவு திறந்தது. பாவாயி பச்சைத் துணியில் சுற்றிய குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். பெண் குழந்தை. முகம் முழுக்கச் சிவந்து, கண்ணை இறுக்கி மூடி, வாயைத் திறந்திருந்தது. மகள் நன்றாக இருக்கிறாள் என்று சொன்னாள். முதல் குழந்தை பிறந்தபோது அழவில்லை. இந்தக் குழந்தை அழுததா என்று உள்ளே அவள் ஒவ்வொருவரையும் கேட்டிருக்கிறாள், ஒவ்வொருவரும் பதில் சொல்லியும் இருக்கிறார்கள், ஆனால் டாக்டரிலிருந்து ஆயா வரை எல்லோரும் வாயை மறைத்து மாஸ்க் போட்டிருந்தார்கள்.

அவள் குழந்தையின் திறந்த வாயைப் பார்த்தாள். பிறகு வையாபுரியைப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, அழுகுதுங்களா?"

வையாபுரி அவளுக்கு நேராக வந்து நின்றார். நெற்றியில் ஏறியிருந்த கண்ணாடியைக் கழற்றினார். ஒவ்வொரு எழுத்துக்கும் வாயை முழுசாகத் திறந்து, "அழுகுது அம்மிணி. தாராபுரத்துக்கே கேக்குது" என்றார்.

பாவாயி அடுத்தபடியாகச் சிகாமணியின் வாயைப் பார்த்தாள். அழுகுது அக்கா என்றான் அவன். மூட்டை தூக்குகிறவர்கள் மூன்று பேரின் வாயையும் பார்த்தாள், மூன்று பேரும் சொன்னார்கள். அது போதவில்லை அவளுக்கு. குழந்தையை ஏந்தியபடி அந்த நீளமான தாழ்வாரத்தில் மெதுவாக நடந்து போனாள், மருந்துச் சீட்டோடு நின்றவர்கள், தூக்குவாளியோடு வந்தவர்கள், அவளை யாரென்றே தெரியாதவர்கள் என்று ஒவ்வொருவர் முன்னாலும் நின்று அவர்கள் உதட்டைப் பார்த்தாள், ஒவ்வொருவரும் என்ன ஏது என்று கேட்காமல், குழந்தையைப் பார்த்துவிட்டு, அழுகுதுங்க, நல்லாவே அழுகுதுங்க என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.